அத்தாவின் காரும் அடியிலிருந்த ஈரமும்

கடந்த 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குப் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் தங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது, சிலர் சிரித்தார்கள். 2015-ஐ அறிந்த சென்னைவாசிகள் சிரிக்கவில்லை. அசோக் நகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரை நாங்கள் எங்கும் கொண்டுபோகவில்லை. பதினைந்து வயதான காருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்தான்.

மழை விட்ட பின் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் புறப்பட்டோம். மருத்துவமனையில் லுஹர் நேரம் வந்துவிடும் என்று அம்மா வீட்டிலேயே ஒளூச் செய்திருந்தார். முன் இருக்கையில் அமர்ந்து காலை உள்ளே வைத்தவர் சட்டென்று வெளியே எடுத்தார். ரப்பர் மிதியடிக்கு அடியிலிருந்து தண்ணீர் பிதுங்கி அவருடைய பாதத்தை நனைத்திருந்தது.

"இது என்ன தண்ணிப்பா? நஜீஸா?" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. அன்று ஆட்டோவில் போய்வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. அடுத்த இரண்டு வாரங்கள் எங்கள் குடும்பம் முழுவதையும் அது பிடித்து ஆட்டியது. பழைய கார் வைத்திருப்போருக்கும், பழைய கார் விற்போருக்கும், வாங்குவோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அந்தக் காரை அத்தா 2009-இல் வாங்கினார். 2022-இல் அத்தா வஃபாத்தானார்கள். அம்மா, ஆண்மக்கள் இருவர், தங்கை ஒருத்தி என நாங்கள் நால்வரும் வாரிசுகள். கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யை அம்மாவின் பெயருக்கு மாற்றினோம். பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் தகுதிச் சான்று பெற்று, பதிவை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். புத்தகத்தில் இருப்பது அம்மாவின் பெயர் என்றாலும், அத்தா விட்டுச்சென்ற பொருளாகையால் அதில் பங்கு எல்லோருக்கும் உண்டு. ஃபராயிள் கணக்கில் அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பாகத்தை ஐந்தாக்கி, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பின்னம் வராமல் 40 பங்காகப் பிரித்தால் அம்மாவுக்கு 5, ஆண்மக்களுக்கு ஆளுக்கு 14, தங்கைக்கு 7. வீடு, நிலம் என்று வரும்போது மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, கார், பீரோ, கைக்கடிகாரம் போன்றவற்றை ஆண்மக்கள் எடுத்துக்கொள்வது நம் சமூகத்தில் சாதாரணமாகிவிட்டது. அதைச் செய்யவேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் காரை 1,20,000 ரூபாய் விலை சொல்லி விற்பனைக்கு வைத்திருந்தோம்.

அம்மாவின் கேள்விக்கு முதலில் விடை கிடைத்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவரே தொலைபேசியில் கேட்டார். மழைநீர் தூய்மையானது, தெருச் சேற்றில்கூட நஜீஸ் கலந்திருப்பது வெளிப்படையாகத் தெரியாதவரை சிரமப்படத் தேவையில்லை, உறுதியாக உள்ள ஒன்றை வெறும் ஐயம் நீக்கிவிடாது, நிறமோ மணமோ சுவையோ நஜீஸால் மாறியிருப்பது தெரிந்தால் அது வேறு. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஹஜ்ரத் ஒரு நிகழ்ச்சியையும் சொன்னார்கள். அது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஒரு பயணக் கூட்டத்துடன் செல்லும் வழியில் ஒரு நீர்த்தொட்டியை அடைந்தார்கள். காட்டு விலங்குகள் இதில் வந்து குடிப்பதுண்டா என்று உடன்வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தொட்டிக்காரரிடம் விசாரித்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, அதை எங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று தொட்டிக்காரரைத் தடுத்துவிட்டார்கள். விலங்குகள் குடித்த இடத்தில் நாமும் குடிக்கிறோம், நாம் குடித்த இடத்தில் அவையும் குடிக்கின்றன என்பது அவர்கள் கூறிய காரணம்.

"அதனால ரொம்பத் தோண்டாதீங்கம்மா" என்று ஹஜ்ரத் முடித்தார்கள். அம்மா காலைக்கூடக் கழுவாமல் அஸர் தொழுதார்.

எங்களுக்கும் அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று, வேறொரு காரணத்துக்காக. தோண்டாமலே காரை விற்றுவிடலாம் என்று எண்ணினோம். மூன்று நாட்கள் நல்ல வெயில் அடித்தது. நான்கு கதவுகளையும் திறந்துவைத்தோம். மேட்டிங்கின் மேல் கைவைத்துப் பார்த்தால் காய்ந்திருந்தது. ஆனால் கதவை மூடி அரைமணி நேரம் கழித்துத் திறந்தால், ஈரச் சாக்கை மூலையில் போட்டுவைத்தது போன்ற ஒரு வாடை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி போட்டபோது தூபக்காலைக் காருக்குள்ளும் சிறிது நேரம் வைத்தோம். டேஷ்போர்டில் அத்தர் தோய்த்த பஞ்சு. எதற்காகச் செய்கிறோம் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்னையில் பழைய கார் வாங்குபவர் யாரும் முதலில் கேட்பதை அவரும் கேட்டார்: "2015 வெள்ளத்துல நின்ன வண்டியா?" இல்லை என்றோம். "மழைக்கு உள்ளே ஒழுகுமா?" அதெல்லாம் ஒன்றுமில்லை என்றோம். முதல் பதில், விசாரிக்காமல் சொன்னது. இரண்டாவது பதில், தெரிந்தே சொன்ன பொய். எங்களில் யார் பேசியது என்பதை எழுதத் தேவையில்லை. ஒலிபெருக்கியில்தான் பேச்சு நடந்தது. பக்கத்தில் இருந்த எவரும் மறுத்துப் பேசவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. வாடை மட்டும் போகாததால், புதுப்பேட்டையில் இளம் வயதில் வேலை பழகி, இப்போது வடபழனிப் பக்கம் சிறு கொட்டகை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்துவந்தோம். வந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சாம்பிராணி போட்டீங்களா பாய்?" என்றுதான் தொடங்கினார்.

அவரிடம் கற்றதை அப்படியே தருகிறோம். காருக்குள் தண்ணீரைக் கண்டால் முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்கவேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்திருந்தால் விரலில் பிசுபிசுக்கும், ஒருவித இனிப்பு மணம் இருக்கும், நிறமும் இருக்கும். தெளிவான, மணமற்ற நீர், மழையே இல்லாத நாளிலும் சேர்ந்தால் அது ஏ.சி. நீர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ந்த சுருளின் மேல் காற்றின் ஈரம் படிந்து, துளியாகி, ஒரு சிறிய ரப்பர்க் குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டவேண்டும். கோடையில் நின்றுகொண்டிருக்கும் கார்களின் கீழே தரையில் தெரியும் ஈரம் அதுதான். அந்தக் குழாயில் தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பி, முன்னால் இடப்பக்கம் அமர்ந்திருப்பவரின் காலடியில் இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது அடிக்கடி நேர்வது. குழாயை ஊதிச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். எங்கள் காரில் ஏ.சி. வாயு இறங்கிப்போய், ரமளானிலிருந்தே அதை ஓட்டவில்லை. ஆகவே அது இல்லை. மழையோடு வந்து மழையோடு நிற்கும் நீர், மழைநீர்தான். வந்த வழி எது என்பதே கேள்வி.

"தண்ணி தெரியுற இடத்துல ஓட்டை இருக்காது பாய்" என்றார் அவர். தண்ணீர் தகரத்தின் மடிப்பைப் பற்றிக்கொண்டு, வயர்க் கட்டின் மேல் ஊர்ந்து, எங்கோ நுழைந்து எங்கோ தேங்கும். அதனால் மேட்டிங்கைக் கழற்றாமல் தேடுவது வீண்வேலை. இருக்கைக்கு நான்கு போல்ட். கழற்றி வெளியே வைத்தோம். கதவோரப் பட்டைகளை எடுத்தோம். மேட்டிங்கைத் தூக்கியபோதுதான் விஷயம் விளங்கியது. மேலே தெரியும் துணிக்கு அடியில், இரண்டு விரல் கனத்துக்கு அழுத்திய பஞ்சு விரிப்பு ஒன்று இருக்கிறது. இரைச்சலும் சூடும் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேல் துணி காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் விடாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு மிதித்துப் பிழிந்ததில் அரை வாளித் தண்ணீர் இறங்கியது. மேலே கைவைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நாங்கள் சொன்ன அதே மேட்டிங்.

பிறகு சோதனை. தரைத் தகரத்தைத் துடைத்து உலர்த்தி, செய்தித்தாள் பரப்பி, ஓரங்களில் முகப்பவுடர் தூவினோம். துளி விழுந்தால் பவுடரில் தடம் தெரியும். எங்களில் மூத்தவரின் மகன், கல்லூரி மாணவன், கைப்பேசி விளக்கோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். வெளியே தோட்டக் குழாய். இங்கே இரண்டு விதிகள். கீழிருந்து மேலாகத்தான் நீர் விடவேண்டும். மேலே தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக் கணக்கைக் குழப்பிவிடும். பீய்ச்சி அடிக்கவும் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம், உள்ளேயிருந்து குரல் வராவிட்டால் அடுத்த இடம்.

கதவில் நீர் விட்டபோது லேசான கசிவு தெரிந்தது. கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியே மழை உள்ளே இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும்படித்தான் கதவை அமைத்திருக்கிறார்கள். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது, டோர்பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் மாட்டும்போது யாரோ அதைப் பிளேடால் கிழித்து, திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தார்கள். அத்தா அந்த ஸ்பீக்கரில் கிராஅத் கேட்டுக்கொண்டே போவார்கள். பாவம், கிழிந்த தாளை அறிந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அரை வாளித் தண்ணீருக்கு அது போதாது. முன்கண்ணாடியின் ஓரங்களில் விட்டோம், ஒன்றுமில்லை. வைப்பருக்குக் கீழே, பேனட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விட்டதும் இரண்டே நிமிடத்தில் உள்ளேயிருந்து, "சச்சா, மூஞ்சியிலயே ஊத்துது!" என்று சத்தம் வந்தது.

அந்தப் பள்ளத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். எங்கள் தெருவில் மஞ்சள் கொன்றை மரங்கள் உண்டு. அவற்றின் பொடி இலையும் பூவும் பல ஆண்டுகளாக விழுந்து, மக்கி, ஒரு பிடி நல்ல எருவாகவே ஆகியிருந்தது. அதில் ஒரு வேப்பங்கன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. கண்ணாடியில் வழியும் மழை முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கி, இரு ஓரத்துத் துளைகள் வழியே வெளியேறவேண்டும். காருக்குள் வீசும் காற்றை புளோயர் உறிஞ்சும் வாயும் அங்கேதான், சற்றே உயர்ந்த விளிம்போடு இருக்கிறது. துளைகள் அடைத்தால் நீர் விளிம்பைத் தாண்டி, காற்றுக்கு உரிய வழியில் உள்ளே வந்துவிடும். அதோடு, இடப்பக்கம் இரண்டு தகரங்கள் சேரும் கோட்டில் பூசிய பசை வெடித்து, அடியில் துரு பிடித்திருந்தது. சுத்தம் செய்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, சீலண்ட் பூசி, ஒரு முழு நாள் காயவிட்டோம். கதவுக்குப் புதிய தாள் ஒட்டினோம். மறுபடி குழாயைத் திறந்தபோது செய்தித்தாள் நனையவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

மெக்கானிக் மட்டும் முன் இருக்கை இருந்த இடத்தில் குந்தி எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். இருக்கைக்கு அடியில் குறுக்கே ஓடும் தகரப் பெட்டியின் துளையிலிருந்து சாம்பல் கலந்த பழுப்பு மண்ணைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மாவைப் போல மென்மையானது. காய்ந்து வில்லை வில்லையாக உடைந்தது. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். நாம் ஒருபோதும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. பெல்ட்டின் இறுதி முழத்தில், சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியில், பழுப்பாக ஒரு கறை.

"இது மழை ஒழுகுனது இல்ல பாய். ஆத்துத் தண்ணி. சீட்டு வரைக்கும் நின்னுருக்கு."

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரையை மீறியது. எங்களுக்குத் தெற்கே ஜாஃபர்கான்பேட்டை அதன் கரையில்தான் இருக்கிறது. அந்த வாரம் நாங்கள் யாரும் சென்னையில் இல்லை. மூத்தவர் ஷார்ஜாவில், இளையவர் பெங்களூரில், தங்கை திருச்சியில். தொலைபேசிகள் இயங்கவில்லை, விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்தது. ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தபோது அத்தா சொன்னவை எங்களுக்கு நினைவிருக்கின்றன: மாடியில் இருப்பதால் பயமில்லை, பள்ளிவாசலில் எல்லா மதத்து மக்களும் தங்கியிருக்கிறார்கள், அங்கே சோறு பொட்டலம் கட்டப் போகிறேன். சில வாரங்கள் கழித்துக் காரைப் பற்றிக் கேட்டோம். "ஓடுது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். ஓடுகிறது என்பதை, ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மண் வில்லையைக் காகிதத்தில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனோம்.

"ஆமா, வண்டிக்குள்ள தண்ணி வந்துச்சே" என்றார் அம்மா, நேற்றைய செய்திபோல. "கட்டி இழுத்துட்டுப் போயித்தான் சரிபண்ணினாங்க. என் வளையல் ஒண்ணை வித்தோம். பிள்ளைங்ககிட்ட சொன்னா பணம் அனுப்புவாங்க, அவங்களுக்கே அங்க என்ன கஷ்டமோன்னு அத்தா சொல்லவேண்டாம்னுட்டாங்க."

"எங்ககிட்ட இப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்கவே இல்லையே."

வளையலைக் கடனாகக் கொடுத்தாரா, ஹதியாவாகவா என்று கேட்டோம். கடனென்றால் பங்கு பிரிக்கும் முன் அதை அத்தாவின் சொத்திலிருந்து தீர்க்கவேண்டும். "புருஷனுக்குக் கொடுத்ததுக்கு இப்ப கணக்கா?" என்று சொல்லி அம்மா எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒரு பக்கத்து வாதம் இது: ஒழுகலைச் சரிசெய்தாயிற்று. வெள்ளம் பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் கார் நன்றாகவே ஓடியிருக்கிறது. வெள்ளக் கார் என்று வாயைத் திறந்தால் விலை பாதியாகும். பணம் நம்முடையது மட்டுமன்று. அம்மாவின் பங்கும் தங்கையின் பங்கும் அதில் அமானத்தாக இருக்கிறது. அவர்கள் பங்கைக் குறைக்க நமக்கு என்ன உரிமை? மேலும், அத்தாவே சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்?

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. எங்களில் இருவருமே மாறி மாறி அதைப் பேசினோம். ஹஜ்ரத் சொன்ன உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைக்கூட, தோண்டவேண்டாம் என்பதற்கு ஆதாரமாக இழுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் தானியக் குவியல் ஹதீஸ் பேச்சில் வந்தது. எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு குவியலைக் கடந்து செல்கையில் கையை அதனுள்ளே நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்னவென்று கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த வியாபாரியை ஒரு மோசடிக்காரராகவே நாங்கள் கற்பனை செய்திருந்தோம். மேட்டிங்கைப் பிழிந்த கையோடு கேட்டபோது அவர் எங்களைப் போன்றவராகத் தெரிந்தார். அவர் தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, வானம் நனைத்தது. மழை என்று அவர் சொன்ன பதில் உண்மை. நனைந்ததற்காக நபி (ஸல்) அவர்கள் அவரைக் கேட்கவில்லை; நனைந்தது எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்டார்கள். வெள்ளம் எங்கள் குற்றமன்று, அத்தாவின் குற்றமுமன்று. அத்தா அந்தக் காரை யாருக்கும் விற்கவில்லை. ஆகவே எவரிடமும் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கவில்லை. விற்பவர்கள் நாங்கள். உமர் (ரலி) அவர்கள் துருவவேண்டாம் என்றது, தாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றி. பிறர் பணம் கொடுத்து வாங்கும் பொருளில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியாது. குறையைத் தெரிவிக்காமல் விற்றால், அறிந்தபின் அதைத் திருப்பிக்கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் பல மாநிலங்களில், வெள்ளத்தில் மூழ்கி முழு இழப்பென்று தீர்மானிக்கப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுவார்கள். நம் ஆர்.சி. புத்தகத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நாம் வாயால் சொன்னால்தான் உண்டு.

பங்கு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. திருச்சிக்கு அழைத்துத் தங்கையிடம் முழுவதையும் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. அம்மாவின் வளையலைத்தான் நினைத்திருப்பாள். பிறகு கேட்டாள்: "வெள்ளத்துல நிக்காத வண்டிக்கு உள்ள விலை அத்தா சொத்துல எப்ப இருந்துச்சு, அதுல எனக்குப் பங்கு குறையறதுக்கு?"

மறுநாள் காலை, ஞாயிறன்று வருவதாக இருந்தவரை அழைத்தோம். முன்பு சொன்ன இரண்டு பதில்களும் தவறு என்றோம். ஒன்று தெரியாமல், மற்றொன்று தெரிந்தே என்பதையும் சொன்னோம். அந்த ஒரு நிமிடம் நீளமாகத்தான் இருந்தது. அவர் கோபிக்கவில்லை, "சரிங்க, பரவாயில்லை" என்று வைத்துவிட்டார். வரவில்லை. அவர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ, அதற்கு நாங்கள் தகுதியானவர்களே.

மூன்றாவது வாரம் ஜாஃபர்கான்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தனியார் அலுவலகம் ஒன்றில் ஓட்டுநர். தமக்கென்று ஒரு கார் வாங்க ஆசைப்பட்டவர். மேட்டிங்கை வேண்டுமென்றே முழுவதும் பொருத்தாமல் வைத்திருந்தோம். அவரை உள்ளே குனியச் செய்து, துரு தேய்த்த இடத்தையும், பூசிய பசையையும், தகரப் பெட்டிக்குள் இன்னும் மிச்சமிருந்த மண்ணையும் காட்டினோம். சீட் பெல்ட்டை அவரே கடைசிவரை இழுத்துப் பார்த்தார். இருக்கைகளுக்கு அடியில் ஓடும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் பின்னாளில் தொல்லை தரும் என்பதால், மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். பின்பக்கத்தையும் டிக்கியையும் நாங்கள் சோதிக்கவில்லை என்பதையும் சொன்னோம்.

"2015-ல எங்க வீடே முழுகிச்சு பாய். வண்டி முழுகுனதுல என்ன" என்றார் அவர். ஆனால் விலை பேசும்போது அந்தப் பெருந்தன்மை இல்லை; 80,000-இல் தொடங்கினார். ஒரு லட்சத்துக்கு முடிந்தது. அம்மாவுக்கு 12,500, ஆண்மக்களுக்கு ஆளுக்கு 35,000, தங்கைக்கு 17,500. மெக்கானிக்கின் கூலியையும் பொருள் செலவையும் ஆண்மக்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையில் அன்று பகல் முழுவதும் மழை. இரவு இஷா தொழுதுவிட்டு வந்தபோது கைப்பேசியில் அந்த இளைஞரின் அழைப்பு இருந்தது. திரும்ப அழைப்பதற்குள் எங்கள் மனம் பட்ட பாட்டை எழுதினால் நீளும்.

"முன்னாடி எல்லாம் காய்ஞ்சிருக்கு பாய், மேட்டைத் தூக்கிக் கை வச்சே பார்த்துட்டேன். டிக்கியில ஸ்டெப்னி இருக்கற குழியில மட்டும் ஒரு சொம்புத் தண்ணி."

பின்விளக்கின் பின்னாலுள்ள கேஸ்கட் இற்றுப்போயிருக்கும் என்று மெக்கானிக் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். டிக்கியைச் சோதிக்கவில்லை என்று நாங்கள் முன்பே தெரிவித்திருந்ததால் இதைச் சரிசெய்வது எங்கள் கடமையன்று. இளைஞரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு குழாயையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஜாஃபர்கான்பேட்டைக்குப் போனோம். இருபக்கத்து கேஸ்கட்டும் சேர்த்து 400 ரூபாய். நாற்பது பங்கில் பங்குக்குப் பத்து ரூபாய் என்று குடும்பக் குழுவில் வேடிக்கையாக எழுதியிருந்தோம். அன்றிரவே தங்கையிடமிருந்து 70 ரூபாய் வந்து சேர்ந்தது.